எதைத் தள்ளிப் போடணும்?

“எதைத் தள்ளிப் போடணும்? வீட்டு விலக்கையா, பிள்ளையையா?”

கேட்டுவிட்டுத்தான் ஜெயபாரதி நிமிர்ந்தே பார்ப்பார். ராயப்பேட்டையில் அவர் நடத்தும் மருந்துக் கடைக்கு வரும் பெண்கள் குரலைத் தாழ்த்தி, “தள்ளிப் போடற மாத்திரை” என்று மட்டும் சொல்வார்கள். இரண்டு மாத்திரைக்கும் ஊரில் ஒரே பெயர். தொழிலுக்கு வந்த புதிதில், பிள்ளை வரம் கேட்டுத் தீ மிதிக்கப் போகிற ஒருத்தியிடம் கருத்தடை மாத்திரையைக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் ஞாபகம் வந்து, வீடு தேடி ஓடி மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து இந்தக் கேள்வி.

பிள்ளையைத் தள்ளிப் போடுகிறவர்கள் அவரிடம் அவ்வளவு லேசில் தப்ப முடியாது. ஒற்றைத் தலைவலி உண்டா, கால் வீங்கி வலிக்கிறதா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று விசாரணை நீளும். அதிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் சிலருக்கு ரத்தத்தை உறைய வைத்துவிடுமே! “மாத்திரை கேட்டா ஜாதகமே கேக்குறாங்க” என்று முணுமுணுத்தபடி அடுத்த தெருக் கடைக்குப் போனவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அவர் அசருவதில்லை.

மீந்த மாத்திரையைக் கழிவறையில் போடக் கூடாது என்பது இன்னொரு பிடிவாதம். அதைத் திரும்ப வாங்கிப் போட ஒரு பிஸ்கட் டப்பாவே வைத்திருக்கிறார். “நாம கழிக்கிறதுலயே கொஞ்சம் ஆத்துக்குப் போகுது. முழு மாத்திரையை வேற போடணுமா? ஆம்பள மீன் வயித்துல முட்டை வருதாம்!”

“அப்போ நல்லதுதானே, முட்ட மீனுக்குக் கிராக்கி ஜாஸ்தி” என்று சிரித்தார், மீன் விற்கும் லூர்துமேரி.

போன செவ்வாய்க்கிழமை அதே லூர்துமேரி, விற்றது போக மீந்த மீன் கூடையோடு கடை வாசலில் நின்றுகொண்டார். மருமகள் அஸ்வினி மட்டும் உள்ளே வந்தாள். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகிறது.

“பிள்ளையைத்தான்” என்றாள், கேட்பதற்கு முன்பே.

வேறென்ன மாத்திரை என்றதும் வாசலைப் பார்த்தாள். “டிபி மாத்திர. ரெண்டு மாசமா. அத்தைக்குத் தெரியாதுக்கா. அது முடியிற வரைக்கும் புள்ள வாணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

எடுத்த அட்டையை ஜெயபாரதி திரும்ப வைத்தார். “உள்ளே போற மாத்திரையை உடைச்சு வெளியே அனுப்புறது கல்லீரலோட வேலை. டிபி மாத்திரை அந்த வேகத்தைக் கூட்டிடும். ஒரு நாள் முழுக்க உடம்புல நிக்க வேண்டிய இந்த மாத்திரை பாதியிலேயே போயிடும். இதை நம்பினா உண்டாயிடுவே. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் வேற வழி கேளு.”

“இப்பவா? அத்தைகிட்ட இன்னான்னு சொல்றது?” அஸ்வினிக்குக் கண் கலங்கிவிட்டது.

“இன்னாத்த சொல்லணும்?” லூர்துமேரி படியேறி வந்திருந்தார். “நீ இருமறது எனக்குக் கேக்காதா? சேப்பு மாத்திரைய அரிசிப் பானையில ஒளிச்சு வெச்சா, ஒல வெக்கிற எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு கீறேன். மொதல்ல நீ தேறு, புள்ள அப்பால பெத்துக்கலாம். வா, நானும் வரேன்.”

சொல்லிவிட்டு வெயிலில் கிடந்த கூடையைத் திரும்பிப் பார்த்தார்.

மீன் வாடை அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் சைவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜெயபாரதி. எழுந்து வெளியே போனார். கூடையை இரண்டு கையாலும் தூக்கி வந்து, ஏசிக்கு நேர் கீழே, தன் நாற்காலியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தார்.