எடுத்துக் கொடுக்காத வரி

மாரியப்பன் மேடையில் கடிதத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு என் பக்கம் பார்த்தபோது, படுதா மறைவில் நின்ற நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. விவரம் தெரியாத வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பலமுறை பார்த்திருக்கிறேன். விவரம் தெரிந்துதான் செய்தேன்.

அந்த நிமிடத்தை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. எங்கள் மன்றத்தின் படுதாக்களில் அதுதான் வீசும். திருத்தங்கலில் எங்கள் தெருக்காரர்களில் பாதிப்பேர் அச்சகத்திலும் மீதிப்பேர் பட்டாசுக் கம்பெனியிலும் வேலை பார்த்தார்கள். அவர்களே சேர்ந்து நடத்திய நாடக மன்றம் அது. ராஜாவின் கிரீடத்தில் மின்னிய கற்களெல்லாம் பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டியது போக மிஞ்சிய ஜிகினாத் தாள். நோட்டீஸ் என் அப்பாவின் அச்சகத்தில், வீணாய்ப்போன காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அச்சாகும். நடிகர்களின் பெயர்களைப் படித்துவிட்டுத் திருப்பினால் பாதி லட்சுமி முகம் தெரியும். தீபாவளி "சீசன்" முடிந்து, ஆட்கள் கொஞ்சம் ஓய்ந்த பிறகு ஒத்திகை தொடங்கி, பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயில் முன்னால், பொழுது சாய்ந்ததும் நாடகம் ஏறும்.

நாடகம் எழுதுவதும் நடத்துவதும் பேப்பர் கடை காதர் பாய். நல்ல தமிழ் எழுதுவார். எழுதியதைக் கடைசி நிமிடம் வரை மாற்றிக்கொண்டே இருப்பார். கதாநாயகன் எப்போதும் மாரியப்பன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அவர் நகக்கண்ணில் அலுமினியத் தூள் மினுங்கிக்கொண்டிருக்கும். அவர் மேடையில் வந்து நின்று தோள்துண்டை உதறினாலே பெண்கள் பக்கத்தில் பேச்சு அடங்கிவிடும்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. தெருவில் இது என் ஒருவனுக்குத்தான் தெரியும். மற்றவர்களைப் போலவே அவரும் தன் "பாட நோட்டை"ச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஒத்திகைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனைக்குட்டம் ஆற்றங்கரைக்கு என்னை சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போவார். நான் வாசிக்க வாசிக்க, இரண்டு தடவை கேட்டு, மூன்றாவது தடவை அப்படியே ஒப்பிப்பார். சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு வைக்கக் கூச்சப்பட்டவருக்கு, அந்தக் கரை மணலில்தான் அவர் பெயரைப் படம் வரைவதுபோல வரையச் சொல்லிக் கொடுத்தேன். அந்த ஆறு எழுத்துத்தான் அவர் படிப்பு. ஐந்தாவது வரை படித்தவர் என்று சொல்லித்தான் அவருக்குப் பெண் பேசியிருந்தார்கள்.

மேடையில் ஒவ்வொரு வசனத்துக்கும் முதல் சொல்லைப் படுதா மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. எல்லாருடைய வசனமும் எனக்கு மனப்பாடம். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கதாநாயகன் வேடம். ஒருநாள் துணிந்து கேட்டபோது காதர் பாய் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஏலே, நீ வாசிச்சா காதுக்கு நல்லாருக்கு. அவன் சும்மா நின்னாலே ஊரு பாக்கும்லே." கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். மாரியப்பன் சிரிக்கவில்லை, ஆனாலும் எனக்குக் கோபம் அவர்மேல்தான் வந்தது.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தில் கடிதம் வந்தால் அதை யாரும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாசித்தால் போதும். மாரியப்பன் மட்டும் அதையும் என்னிடம் கேட்டு நெட்டுருப் போட்டு வைத்திருந்தார். பொங்கலன்று சாயங்காலம், வேடம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், காதர் பாய் அந்தக் கடிதத்தையே மாற்றிப் புதிதாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். லெட்டர்தானே, பார்த்து வாசி என்று மாரியப்பன் கையில் ஒன்றும் என் கையில் ஒரு நகலும் திணித்துவிட்டுப் போனார்.

அரிதாரம் பாதி பூசிய முகத்தோடு மாரியப்பன் என்னிடம் வந்தார். "தம்பி, பாய் கவுத்துட்டாரு. வரிவரியா எடுத்துக் குடுத்திருவீகள்ல?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அந்தக் காட்சி வந்தது. கடிதத்தைப் பிரித்தார். என் பக்கம் கண்ணைத் திருப்பினார். தாள் என் கையில் விரிந்திருந்தது. முதல் வரி இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. நான் சொல்லவில்லை. அவர் தாளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கெஞ்சல்கூட இல்லை, நான் இடத்தைத் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்துக் காத்திருந்த பார்வை அது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன் நிதானமாகச் சொன்னான்: "மருந்து நமுத்துப் போச்சுலே." கூட்டம் மொத்தமும் சிரித்தது. படுதாவை இழுத்துவிட்டார்கள்.

லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கட்டிவிட்டது என்று காதர் பாயிடம் சொன்னார் மாரியப்பன். என்னைக் காட்டிக்கொடுக்கவேண்டுமென்றால் தனக்கு எழுத்துத் தெரியாது என்பதையும் அவர் சொல்லியாகவேண்டும். அந்தத் தைரியத்தில்தான் நான் செய்தேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு "நமுத்த வெடி" என்று பெயராயிற்று. பட்டாசு செய்கிற ஊரில் ஒரு மனிதனுக்கு அதைவிடக் கேவலமான பெயர் கிடையாது. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில் அவர் ஏறும்போது சின்னப் பையன்கள்கூடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதுபோல நடிப்பார்கள். அவர் ஒத்திகைக் கொட்டகைப் பக்கம் அப்புறம் வரவேயில்லை. அடுத்த வருடம் கதாநாயகன் நான். கடிதத்தை ஒரு பிசிறில்லாமல் வாசித்தேன். ஜனங்கள் முறுக்குத் தின்றுகொண்டே கேட்டார்கள். இரண்டு பொங்கலுக்குப் பிறகு மன்றமே நின்றுபோனது.

நான் மதுரையில் கல்லூரி ஆசிரியனாகி ஓய்வும் பெற்றேன். போன பங்குனியில் தெரு இளைஞர்கள் பழைய மன்றத்து ஆட்களைக் கௌரவிக்க விழா வைத்து என்னையும் அழைத்தார்கள். உயிரோடிருந்தது நானும் மாரியப்பனும்தான். கல்லூரியில் படிக்கும் பேத்தி அவர் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தாள். அவருக்குச் சால்வை போர்த்திவிட்டு, மைக்கைப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன். இவர் வசனம் மறக்கவில்லை. எழுத்துத் தெரியாத மனிதர் என்னை நம்பி நின்றார், நான் கழுத்தறுத்தேன் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பெரிய மனசு என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து என் கையைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது.

மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே பேசினார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"நமுத்த வெடின்னதுக்குப் பழகிட்டேன் தம்பி. பேரப்பிள்ளைகளுக்கே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கேன். எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு எம் பொண்டாட்டி சாகுற வரைக்கும் அவளுக்குத் தெரியாது. இப்ப பேத்தி ஒண்ணாங்கிளாஸ் புத்தகம் வாங்கியாந்து தலைமாட்டுல வச்சிருக்கா. அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பாக்க முடியல." என் முகத்தைப் பார்த்து, "பேச வேண்டிய அன்னைக்குப் பேசாம இருந்தீக. இப்ப யாரு தம்பி உங்களை எடுத்துக் குடுக்கச் சொன்னது?" என்றார்.

உள்ளே போனார். சால்வையை மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

ஒத்திகைக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று ஆப்செட் கம்பெனியின் குடோன் இருக்கிறது. எதிரே ஒரு டீக்கடை. ஐம்பது வருடமாகக் காலையில் அங்கே முதல் ஆளாக வந்து, பேப்பரை விரித்து, பக்கம் பக்கமாகத் திருப்பிவிட்டுப் போவாராம் மாரியப்பன். விழாவுக்குப் பிறகு வருவதில்லையாம். அன்று திரும்பும் வழியில் நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்ததும் கடைக்காரர் மடிப்புக் கலையாத பேப்பரை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"சும்மாதான் கெடக்கு. நீங்க படிங்க சார்."