பெல்ட் ஏன் கத்துகிறது என்று கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை படப்பையில் முதல் ஆளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தேவகி அவர்களின் மகள் போன் செய்தார். "அண்ணா, அம்மா காலைல தவறிட்டாங்க. வேன்ல வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தவர்தான். ஆனாலும் அன்று அவர் ஏறும் வல்லக்கோட்டை நிறுத்தத்தில் என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. யாரும் ஏறவில்லை.

ஒரகடத்தில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் என்னுடையது. தேவகி அங்கே தரப்பரிசோதனைப் பிரிவில் இருந்தார். ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற வேலை. பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும் என்று முதல் நாளே என் பக்கத்து இருக்கைக்கு வந்துவிட்டார். மூன்று வருடம் அங்கிருந்து கேள்வி கேட்டார். டீசல் வண்டிக்கு ஏன் காலையில் மட்டும் அவ்வளவு உறுமல்? மேட்டில் ஏறும்போது மீட்டர் முள் ஏன் நடுங்குகிறது? பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்றால் அவர் ஏமாந்ததாகக் காட்டிக்கொள்ளவே மாட்டார். "அப்போ கேட்டுப் பாக்கணும்" என்பார்.

போன மழைக்காலத்தில், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோ பழுதானது. நானே கழற்றி, பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கி, நானே மாட்டினேன். அடுத்த வாரமே எஞ்சின் பெல்ட் கிரீச் கிரீச்சென்று கத்தத் தொடங்கியது. புது பெல்ட் போட்டேன். இரண்டு நாள் அடங்கியது, மறுபடி கத்தியது. இன்னொன்று போட்டேன், அதுவும் கத்தியது. வாடிக்கையாளர்கள் முன்னாலேயே பெல்ட் விற்ற கடைக்காரரைப் பார்த்து, "டூப்ளிகேட் பெல்ட்ட வித்து ஏமாத்துறீயா?" என்று கேட்டுவிட்டேன். இதற்கிடையே, சத்தம் நிற்காவிட்டால் அடுத்த மாதம் வேறு வண்டி என்று தொழிற்சாலைக்கு வேன் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் மதியம் ஷிப்ட் முடிந்து எல்லோரும் ஏறிய பிறகு, தேவகி மட்டும் கீழேயே நின்றார்.

"ணா, பானட்டத் தொறங்க. இஞ்சின் ஓடிகினே இருக்கட்டும். பெல்ட்டு மேல கொஞ்சம் தண்ணி தெளிங்க."

"எதுக்கும்மா?"

"எங்க லைன்ல கன்வேயர் பெல்ட்டு இப்படித்தான் கத்திச்சு. மெயின்டனன்ஸ் ஆளுங்ககிட்ட கேட்டுகினேன். வண்டி பெல்ட்டுக்குத் தண்ணி தெளிச்சுப் பாக்க சொன்னாங்கோ."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளி நின்றார். நான் பாட்டிலில் இருந்து சிறிது தெளித்தேன். சத்தம் சட்டென்று நின்றது. தேவகி வாய்விட்டு எண்ணினார். ஒன்பது எண்ணுவதற்குள் திரும்பவும் கிரீச்.

"பெல்ட்டு தொய்வா இருந்தா தண்ணி பட்டதும் சத்தம் ஜாஸ்தியாவுமாம். இது அடங்கிட்டுத் திரும்பி வருது. பெல்ட்டு நேரா ஓடல போல கீது."

எஞ்சினை நிறுத்தியதும் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, பெல்ட் ஓடும் இரண்டு சக்கரங்களின் முகத்திலும் சேர்த்து வைத்தார். ஒன்றில் ஒட்டியது. டைனமோ சக்கரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி. டூல்ஸ் பெட்டியைக் கொட்டினேன். டைனமோவுக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே போட வேண்டிய வாஷர் அடியில் கிடந்தது.

"இத மாட்டுனது நான்தாம்மா. நான்தான் விட்டுட்டேன்" என்றேன்.

"யார் மாட்டினாங்கன்னு நான் கேக்கலண்ணா. ஏன் கத்துதுன்னுதான் கேட்டேன்" என்றார்.

வாஷரைப் போட்டு முடுக்க அரைமணி நேரம் ஆனது. அத்தனை பேரும் இறங்கி வெயிலில் நின்று பார்த்தார்கள். வண்டியைக் கிளப்பியபோது எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. வல்லக்கோட்டையில் இறங்கும்போது, "அந்தக் கடைக்காரர்கிட்ட சொல்லிடுவீங்க இல்ல?" என்று கேட்டார். இதற்கு மட்டும் அவருக்கு அப்போதே பதில் வேண்டியிருந்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். கடைக்காரர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

வியாழக்கிழமை வேனில் பன்னிரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். தேவகியைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார் மகள். வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார் என்றேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"வூட்லயும் அப்படித்தாண்ணா. கடைசி ராத்திரி கூட, தலமாட்டுல இருந்த மிஷின் எதுக்கு அப்பப்போ கத்துதுன்னு நர்ஸக்காவ கேட்டாங்க. அவங்க பொறுமையா சொன்னாங்க. 'ஓ, அப்படியா'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துகினாங்க."

போய் வாருங்கள், தேவகிம்மா. போகிற இடத்திலும் உங்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் இருக்கட்டும்.