யானைக் கட்சிக்காரரிடம் ரிலீஸ் கேட்டது

துபாய் தேராவில் கடைகளும் எங்களைப் போன்ற சின்ன ஆபீஸ்களும் மதியம் ஒரு மணிக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவேளைதான் எங்களுக்கு உயிர். ரூமுக்குப் போய் மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு, ஏ.சி.யைக் கூட்டி வைத்து ஒரு தூக்கம் போட்டால்தான் ராத்திரி வரைக்கும் உடம்பு தாங்கும். அந்தத் தூக்கத்தை இரண்டு வருடத்துக்கும் மேலாக நான் அமெரிக்க அரசியலுக்குப் பறிகொடுத்தேன். விரும்பியா கொடுத்தேன்? மாட்டிக்கொண்டேன்.

நான் வேலை பார்த்தது கப்பல் சரக்குக்குப் பேப்பர் தயாரிக்கும் ஆபீஸ். மேனேஜர் ஓர் அமெரிக்கர், அறுபதை நெருங்கியவர். மனைவி பிரிந்து போய்விட்டதால் ஒரு ஹோட்டல் அபார்ட்மெண்டில் தனியாக இருந்தார். மதியத்தில் அங்கே போகப் பிடிக்காமல் ஆபீசிலேயே உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்த இலை தழையைத் தின்றுகொண்டு நியூஸ் பார்ப்பார். கெட்டவர் இல்லை. ஒரு நாளும் என்னை ஏசியதில்லை. எங்கள் கஃபீல், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த அரபு முதலாளி, மாதத்தில் ஒரு தரம் வந்து, காவா குடித்துவிட்டு, இவர் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஆகவே எங்கள் எல்லோருடைய தலையெழுத்தும் இந்த மனிதரின் கையில்தான் இருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ரிலீஸ். வேறு கம்பெனிக்குப் போகலாம் என்று இவர்கள் தரும் கடிதம். அல் ஐனில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிற கம்பெனியில் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, எனக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தான். சம்பளம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் ஃபேமிலி விசா உண்டு, குடியிருக்க வீடு உண்டு. எங்களுக்குக் கல்யாணமான பிறகு நான் ஊரில் இருந்ததெல்லாம் லீவில்தான். மகள் பிறந்ததை போனில் கேட்டேன். அவள் தவழ்ந்ததையும் நடந்ததையும் போட்டோவில் பார்த்தேன். லீவில் போனால் என்னைப் பார்த்து அவள் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள். இந்தக் கம்பெனி ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தராமல் வேலையை விட்டால் பேன் என்று தடை முத்திரை அடித்துவிடுவார்கள்; அப்புறம் அமீரகத்தில் வேறு எங்கேயும் உடனே சேர முடியாது. பாஸ்போர்ட்டும் ஆபீஸ் பெட்டகத்தில் இருந்தது.

எங்கள் ரூமில் மூத்தவர் ஒருவர் இருந்தார். மசாலா சூக்கில், அதாவது மசாலாச் சந்தையில், ஒரு கடையில் வேலை. எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்; எல்லோருக்கும் அவர் காக்கா. ஊரில் ஒரு கட்சியின் வார்டு செயலாளராக இருந்தவர். அந்தக் கட்சி உடைந்தபோது தோற்ற பக்கம் நின்றுவிட்டதால் துபாய்க்கு வந்து சேர்ந்தார். எனக்கு அவரிடம்தான் யோசனை.

“ஒன் மேனேஜர் எந்தக் கட்சிடா?” என்று கேட்டார்.

“யானைச் சின்னம் காக்கா.”

“இப்ப இருக்கிற பிரசிடெண்டு?”

“அவரும் யானைதான்.”

“பொறவு என்ன வெங்காயத்துக்குடா முழிக்கிற? போயி பிரசிடெண்ட நாலு வார்த்த தூக்கி வச்சுப் பேசு. ஆளு குளுந்துருவாரு. அந்தச் சூட்டோட ரிலீசக் கேட்டுரு.”

எங்கள் ஊரில் ரேஷன் கார்டு முதல் ரோட்டு விளக்கு வரை இப்படித்தான் நடக்கும். கட்சிக்காரன் என்றால் தலைவரின் ஆள். தலைவரைப் புகழ்ந்தால் கட்சிக்காரன் மனம் குளிரும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மறுநாள் மற்றவர்கள் இறங்கிப் போகும் வரை காத்திருந்து மேனேஜர் அறைக்குள் போனேன்.

அது துபாய்க் கம்பெனி ஒன்று அமெரிக்காவில் சில துறைமுகங்களை நடத்தப் போகிறது என்று டிவியில் ஒரே அமளியாக இருந்த சமயம். பிரசிடெண்ட் ‘நடத்தட்டும்’ என்கிறார். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே கூடாது என்று குதிக்கிறார்கள்.

“சார், உங்க பிரசிடெண்ட் மாதிரி தைரியசாலி உண்டா சார்? உங்க கட்சிக்கே அவரால பெருமை” என்றேன் என் ஆபீஸ் இங்கிலீஷில்.

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். “உட்கார்” என்றார்.

உட்கார்ந்தேன். நாலு மணிக்குத்தான் எழுந்தேன்.

துறைமுக விஷயத்தில் மட்டும் பிரசிடெண்ட் சொல்வது சரி, கட்சி செய்வது அயோக்கியத்தனம் என்றார். வியாபாரத்துக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று காலம் காலமாகச் சொன்ன கட்சி, அரபுக்காரன் வருகிறான் என்றதும் பயந்து கதவைச் சாத்துகிறதாம். மற்ற எல்லாவற்றிலும் பிரசிடெண்ட்தான் கட்சியைக் கெடுத்தாராம். கடன் வாங்கிச் செலவழிக்காதே, அடுத்த நாட்டில் போய்ச் சண்டை போடாதே, அரசாங்கம் சின்னதாக இருக்கட்டும் என்பதுதான் இவருடைய அப்பா காலத்து யானைக் கட்சி. அதை இவர்கள் பாழாக்கிவிட்டார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யா அல்லா, நான் எதற்கு வந்தேன், இங்கே என்ன நடக்கிறது!

“அப்ப நீங்க எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டுத் தொலைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. கேள்வி கேட்டதில் மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். நாளைக்கும் வா என்றார்.

ரூமில் இதைச் சொன்னதும் காக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “தலைவர எதுத்துக்கிட்டு அதே கட்சியிலயா இருக்காரு? கொடிய மாத்தலயா? தனிக் கட்சி தொடங்கலயா? சரி, தலைவராச்சும் இவுகள நீக்கலாம்ல?”

“அங்க நீக்க முடியாதாம் காக்கா.”

“என்ன எழவுக் கட்சிடா அது” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று மதியமாவது எனக்கு அந்த அறையில்தான் கழிந்தது. கணக்குப் பார்க்கிற மலையாளிகள் ஒன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே நழுவிவிடுவார்கள். போகிற போக்கில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கோ வயிறு காய்ந்து கண் சொருகும். எழுந்து போகலாம் என்றால் ரிலீஸ் இவர் கையில். இன்னும் கொஞ்சம் கேட்போம், ஆள் இளகட்டும் என்று நினைத்து ‘எஸ் சார்’ போட்டுக்கொண்டிருந்தேன். போடப் போட அவர் என்னை விடவே இல்லை.

முதல் தடவை ரிலீஸ் கேட்டபோது அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். “எல்லோரும் விட்டுவிட்டு ஓடினால் வீட்டை யார் சரிசெய்வது? என் கட்சியில் எனக்கு ஆயிரம் சண்டை. நான் விட்டேனா? உள்ளே இருந்துதான் சரிசெய்ய வேண்டும். நீயும் கொஞ்சம் பொறு” என்றார். அவருக்கு நான் சொன்னதே புரியவில்லை. இந்த ஆபீசில் எனக்கு என்ன சண்டை? சரிசெய்ய என்ன இருக்கிறது? எனக்கு என் பெண்டாட்டியும் பிள்ளையும் வேண்டும், அவ்வளவுதானே! அதை அப்படியே சொன்னேன். தலையை ஆட்டினார். “குடும்பம் முக்கியம்” என்றார். பிறகு வரிச் சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அந்த வருடக் கடைசியில் யானைக் கட்சி அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றது. அதற்கு முந்தின நாள்தான் மச்சினன் போன் செய்து, அல் ஐன் முதலாளி இனியும் காத்திருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தான். நான் போனபோது மேனேஜர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். “தோற்க வேண்டியதுதான், அப்போதாவது புத்தி வருமா பார்ப்போம்” என்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார். ரிலீஸ் என்ற வார்த்தையை என்னால் எடுக்கவே முடியவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ரூமில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த வருடமும் கேட்டேன். வேறு ஆளைப் பழக்கிவிட்டுப் போ என்றார். பழக்கினேன். அவன் லீவில் போனவன் திரும்பி வரவே இல்லை.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு கூத்து நடந்தது. இந்தத் தடவை எதிர்க்கட்சியான கழுதைச் சின்னக் கட்சிக்குள் சண்டை. ஓர் அம்மாவும் ஓர் இளவயதுக் கறுப்பரும் பிரசிடெண்ட் பதவிக்கு நிற்க ஒரே கட்சிக்குள் மாதக் கணக்கில் மோதினார்கள். காக்காவுக்கு இது பிடித்துப்போனது. கழுதையைச் சின்னமாக வைத்ததைத்தான் கடைசி வரை அவரால் மன்னிக்க முடியவில்லை. “பாத்துக்கிட்டே இரு, அந்தம்மா தனிக் கட்சி தொடங்கும். பாதிக் கழுத அந்தப் பக்கம் போயிரும்” என்று சூக்கு முழுக்கச் சொல்லிவிட்டார். அந்தம்மா தோற்றதும், ஜெயித்தவரோடு மேடையேறிக் கைகோர்த்து அவருக்கே வோட்டுக் கேட்டார். “சீ, ரோசம் கெட்டதுக!” என்று காக்கா இரண்டு நாள் நியூஸே பார்க்கவில்லை.

எனக்கே அந்தச் சமயத்தில் இந்த வியாதி தொற்றிவிட்டது. எந்த மாநிலம் யார் பக்கம், யானைக் கட்சியில் சர்ச்சுக்காரர்களும் வியாபாரிகளும் ஏன் முறைத்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு பேசுவேன். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் போட்டாலும் அதுவே வாயில் வந்தது. வேறு என்ன சொல்வது? ரிலீஸ் என்னாச்சு என்று மனைவி கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லையே.

வெயில் தணிந்த சமயம் அமெரிக்காவில் பேங்குகள் சாய்ந்தன. பேங்குகளைக் காப்பாற்றப் பிரசிடெண்ட் கொண்டுவந்த சட்டத்தை அவர் கட்சிக்காரர்களே முதல் தடவை கவிழ்த்தார்கள். எங்கள் ஆபீசிலும் சரக்கு குறைந்தது. நவம்பரில், தேர்தல் முடிந்து கழுதைக் கட்சி ஜெயித்த மறுநாள், மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் முகம் போலத் தெளிந்திருந்தது.

“நான் வோட்டை மாற்றிப் போட்டுவிட்டேன். தபாலில் அனுப்பினேன். என் வாழ்நாளில் முதல் தடவை. என் அப்பா உயிரோடு இருந்தால் பேச மாட்டார்.” சிரித்தார். “பெரிய கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமே இல்லை. பேனாவால் ஒரு வட்டத்தை நிரப்பினேன். முடிந்தது. என் கட்சியை விட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.”

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது.

“யார்கிட்ட கேட்டீங்க சார்?” என்றேன்.

“புரியவில்லை.”

“கட்சிய விட்டு வர யார்கிட்ட பர்மிஷன் கேட்டீங்க?”

“யாரிடம் கேட்க வேண்டும்? என் வோட்டு.”

“நான் வேலைய விட உங்ககிட்ட கேக்கணும் சார். கேட்டுக் கேட்டு ரெண்டு வருஷம் போயிருச்சு. உள்ள இருந்து சரிசெய்யின்னு சொன்னீங்க. நீங்க கெளம்பிட்டீங்க. என் பாஸ்போர்ட் உங்க பெட்டகத்துல இருக்கு.”

அவர் முகம் சிவந்துவிட்டது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அவரே அந்தக் கடிதத்தை அடித்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு நீட்டினார். கஃபீலிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றார். பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். “என்னை மன்னித்துவிடு” என்றார். அந்தக் கணத்தில் அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அல்ஹம்துலில்லாஹ்! தெருவில் இறங்கியதும் மச்சினனுக்குப் போன் செய்தேன். நல்ல காலம், அவர்கள் ஆபீசில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஊரே சாய்ந்தாலும் சனங்கள் சோறு தின்னத்தானே வேண்டும், மச்சான் நீங்க வாங்க என்றான். உடனே போன் கார்டு வாங்கி ஊரில் மனைவிக்குப் போட்டேன்.

“ரிலீஸ் கெடச்சிருச்சு புள்ள! பொட்டியக் கட்டு!”

லைன் அறுந்துவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

“இருக்கேன்” என்றாள். “நான் வரலங்க.”

“என்ன சொல்ற?”

“ஜூன்லயே பிள்ளய இங்க பள்ளியொடத்துல சேத்துட்டேன். எனக்கும் அங்கயே டீச்சர் வேல குடுத்திருக்காஹ. பிள்ளைக்குக் கூட்டாளிமாரு இருக்காஹ. இனி அதக் கெளப்பிக்கிட்டு வர ஏலாது.”

“ஜூன்லயா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?”

“எப்பச் சொல்ல? நீங்க போன் போட்டா அந்த அம்மா செயிப்பாஹளா, இவரு செயிப்பாரான்னு பேசுவீஹ. நான் உம் கொட்டிக்கிட்டே இருப்பேன். கார்டு தீந்துரும்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. என்னென்னவோ கத்தினேன். உனக்காகத்தானே, பிள்ளைக்காகத்தானே என்றேன். அவள் கத்தவில்லை. “தெரியுங்க. ஆனா ரெண்டு வருஷமா நாளைக்கு, நாளைக்குன்னு நான் பாதி உசுராக் கெடந்தேன். இப்பத்தான் நல்லா இருக்கேன். கோவிச்சுக்காதீஹ” என்றாள்.

ஆள் இல்லாத வீட்டுக்காக அல் ஐனுக்குப் போய் என்ன செய்ய? ஊருக்கே போய்விடலாம் என்றால் அங்கே எனக்கு என்ன வேலை வைத்திருக்கிறது? மூன்று நாள் ரூமிலேயே கிடந்தேன். காக்காவும் ஒன்றும் கேட்காமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். நாலாவது நாள் டியூட்டிக்குப் போனேன்.

மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். “எப்போது கிளம்புகிறாய்?”

“போகலை சார். இங்கயே இருக்கேன்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, “எனக்குத் தெரியும். நீ விட்டுப் போகிற ஆள் இல்லை” என்றார்.

“எஸ் சார்” என்றேன்.