மூன்றெழுத்துப் பனியன்

மகளின் நோட்டில் அந்த மூன்று எழுத்துகளைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. டி.ஓ.எஃப். பக்கத்துக்குப் பக்கம் அதுதான். சில இடங்களில் வட்டம் போட்டு, அருகில் எண்கள்.

எங்கள் பஸ் ஸ்டாப்பில் எந்நேரமும் நிற்கும் ஐந்து பையன்களின் கறுப்புப் பனியனிலும் அதே எழுத்துகள். ஸ்டாப்பின் பின்சுவரிலும் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது.

"ஏனுங்க்கா, அது அந்தப் பசங்க கேங்குப் பேராமா. போன வாரம் இன்னொரு செட்டோட அடிதடியாமா. கத்தியெல்லாம் வெச்சிருக்கறாங்களாமா. பொட்டப் புள்ளைய வெச்சிருக்கறீங்க, பாத்துக்கோங்க" என்று பக்கத்து வீட்டுக்காரி முன்பே சொல்லியிருந்தாள்.

மகள் கல்லூரி முடித்து ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாகச் சேர்ந்திருந்தாள். பனியன் கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் எடுக்கும் இடம். வருகிற வெள்ளிக்கிழமை முதன்முதலாக அவளே கேமரா பிடிக்க வேண்டும். நன்றாக எடுத்தால் இனி அதுதான் அவள் வேலை. ஒரு வாரமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள். இந்தச் சந்தோஷம் கேமராவுக்கா, பஸ் ஸ்டாப்புக்கா என்று எனக்குள் ஓடியது.

நான் எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. கேட்பதற்குப் பதிலாக அவள் பையைத் தேடினேன். அவள் குளிக்கப் போனதும் போனைத் திறக்கப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை அதற்கு மேல் தாங்கவில்லை.

"இன்னிக்குப் போக வேண்டாங் கண்ணு."

"ஏம்மா? இன்னிக்குத்தான கேமரா தர்றாங்க!"

நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் முகம் மாறியது. "என்ற பையத் தொறந்தீங்களா?"

"இது யாரு பேரு?"

"பேரா? அது போட்டோக் கணக்கும்மா. ஆளு தெளிவா இருக்கோணும், பின்னாடி செவுரு மங்கலாத் தெரியோணும். எத்தன தூரம் தெளிவா வரும்ங்கறதுக்கு அந்த மூணெழுத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு."

"அந்தப் பசங்க பனியன்ல எதுக்கு இருக்குது? அவனுகளும் போட்டோவா புடிக்கறானுக?"

"எனக்கெப்படித் தெரியும்?"

நான் நம்பவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் என் கையை விலக்கிவிட்டுப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவள் போக வேண்டிய பஸ் போய்விட்டிருந்தது. பையன்கள் நின்றிருந்தார்கள். யார் அவளைப் பார்க்கிறான் என்று ஒவ்வொருவனாகக் கவனித்தேன். யாரும் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் அவள் ஏறிப் போன பிறகுதான் ஒருவனின் நெஞ்சில் என் கண் நின்றது. முதல் எழுத்தின் வயிற்றில் வெள்ளை மை கசிந்திருந்தது. அடுத்தவனுக்கும் அதே இடத்தில். அந்தக் கசிவை எனக்குத் தெரியும்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். யாரோ வெளிநாட்டு ராக் பாட்டுக் குழுவின் ரசிகர்களுக்கென்று ஒரு ஆர்டர் வந்தது. பிரிண்டில் மை கசிந்ததால் கட்டுக் கட்டாக நானே பழுதைக் காட்டும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைத்தேன். செக்கிங்கில் எழுத்தை யாரும் படிப்பதில்லை. கறை, ஓட்டை, தையல், அவ்வளவுதான். அந்தக் குழுவின் சுருக்கப் பெயர் ஆயிரக்கணக்கில் என் விரலுக்கடியில் போயிருக்கிறது. ஒருமுறைகூடப் படித்ததில்லை.

"என்னுங்க்கா, பனியனையே பாக்கறீங்க? வேணுங்களா?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"எங்க எடுத்தீங்க தம்பி?"

"காதர்பேட்டைக் கடைலீங்க. செகண்ட்ஸ் பீஸு, கம்பெனில கழிச்சு விட்டது. அஞ்சு பேரும் ஒண்ணா எடுத்தோம்."

"அந்த எழுத்து?"

"எங்க செட்டுப் பேருங்க்கா."

"பேரு வெச்சுட்டா பனியன் எடுத்தீங்க?"

"இல்லீங்க. பனியன் எடுத்தப்பறந்தான் பேரே வெச்சோம்."

பேசும்போது அவன் ஒரு கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. கத்தியா, போனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மகள் வந்தாள். லேட்டாக வந்தாள் என்று கேமராவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்களாம். உதவிக்கே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். நான் பனியன் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"பாத்தியா கண்ணு, உன்ற நோட்டு, பாட்டுக் குழு, அந்தப் பசங்க, மூணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"நீங்கதாம்மா சம்பந்தப்படுத்துனீங்க."

அதன்பிறகு அந்த நோட்டு பீரோவுக்குள் போய்விட்டது. பூட்டித்தான் வைக்கிறாள். சாவி எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆனால் தேடியிருக்கிறேன்.