தூக்கியெறிகிற துணி

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. என் பிரசவ விடுப்பு முடிய இருந்தது. நான் வேலைக்குத் திரும்பலாமா கூடாதா என்ற கேள்வி, எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொருளில் வந்து நின்றது: குழந்தையின் மூத்திரத் துணி.

திருச்சியில் ஒரு நாளிதழில் நான் உதவி ஆசிரியர். மாவட்டச் செய்திகளைத் திருத்தித் தலைப்புப் போடுவது என் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். கணவருக்குத் திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு. பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் மாமியார். அவர் காலையில் நீராடி மடிப்புடவை கட்டிவிட்டால், குழந்தையின் ஈரத் துணியைத் தொட மாட்டார். தொட்டால் மறுபடி நீராட வேண்டும். தொட்டிலை ஆட்டுவார், பாடுவார், கன்னத்தைக் கிள்ளுவார். துணியை மட்டும் மாற்ற மாட்டார்.

கணவரின் பழைய வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்துக் குழந்தைக்குக் கட்டுவோம். கிணற்றடியில் அலசி வெயிலில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். துணியில் எந்தக் குறையும் இல்லை. அதை மாற்றுவதற்கு என்னைத் தவிர இன்னொரு கை வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கை கணவருடையதாக இருக்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

“குழந்தைக்கு விவரம் தெரியற வரைக்கும் ஆத்துல இரேன். பத்திரிகை ஆபீஸ் எங்க ஓடிடப் போறது?” என்றார் மாமியார்.

“ஆபீஸ் ஓடாதும்மா. என் நாற்காலிதான் ஓடிடும்.”

அந்த நேரம் பார்த்து நாத்தனார் அமெரிக்காவிலிருந்து வந்தாள். ஒரு பெட்டி நிறைய டயபர்.

“மன்னி, இதைக் கட்டிட்டு நீங்க பாட்டுக்கு ஆபீஸ் போங்கோ. சாயந்திரம் வந்து கழட்டித் தூக்கி எறிஞ்சுடுங்கோ.”

“எங்க எறியறது?”

“குப்பைலதான்.”

அவள் ஊரில் குப்பைக்கு வாசலுக்கே வண்டி வரும். எங்கள் ஊரில் தெருமுனையில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. குப்பை அதற்குள் பாதி, வெளியே பாதி.

முதல் டயபர் குப்பைக்கே போகவில்லை. வழக்கம்போல் வாளியில் போட்டிருந்தோம். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள் அதையும் துணி என்று எடுத்துக் கல்லில் அடித்துவிட்டாள். அது வெடித்துக் கிணற்றடி முழுவதும் வெள்ளைக் கூழ்.

“என்னம்மா இது! துணின்னு நெனச்சா இட்லி மாவாட்டம் கொட்டுது!”

மாமியாருக்கு அன்று ஏகக் கோபம். ஆனாலும் டயபர் அவருக்குப் பிடித்துப்போயிற்று. தரையில் ஒரு சொட்டு சிந்துவதில்லை, மடிக்குப் பங்கமில்லை. நான் வேலைக்குப் போனேன். காலையில் நான் கட்டிய டயபரோடுதான் குழந்தை சாயங்காலம் வரை கிடந்தது. சில நாட்களிலேயே தொடையிடுக்கு சிவந்து தோல் உரிந்தது. தேங்காயெண்ணெய் தடவினால் அலறினான்.

“வேனல்” என்றார் மாமியார். வேனல் இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக்.

இதற்கிடையில் தெருமுனைத் தொட்டியைக் கிளறிய நாய் ஒன்று, ஒரு டயபரைக் கவ்விக்கொண்டு வந்து வீதி நடுவில் போட்டுக் கிழித்தது. அன்று புறப்பாடு. வாசலெங்கும் கோலம்.

“பெருமாள் எழுந்தருளற வீதி இது! யாராத்துச் சமாசாரம்?” என்று யாரோ கத்தினார்கள். மாமியார் கதவைச் சாத்திக்கொண்டார்.

“நான் பார்த்துக்கறேன்” என்றார் கணவர். மறுநாளிலிருந்து, வேலைக்குப் போகும்போது ஒரு பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. தொழிற்சாலைக் குப்பையில் போடுகிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் ஆபீசில், ஆற்றில் குப்பை கொட்டுகிறார்கள் என்று ஒரு செய்தி என் மேசைக்கு வந்தது. நிருபர் ‘மர்ம நபர்கள்’ என்று எழுதியிருந்தார். ‘பொதுமக்கள் அவதி’ என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். மறுநாள் பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று போனது. ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். மேட்டூர் திறக்காத மாதம். ஆறு முழுக்க மணல். மணலில் ஊற்றுத் தோண்டி ஒரு பெண் சிரட்டையால் குடத்துக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அவளிடமிருந்து நாலெட்டில், நாத்தனார் கொண்டுவந்த வாத்துப் படம் போட்ட பிளாஸ்டிக் பை வாயைப் பிளந்து கிடந்தது. சுற்றிலும் எங்கள் வீட்டு டயபர்கள். மர்ம நபர் எங்கள் வீட்டில்தான் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கணவரிடம் கேட்டேன்.

“பாலத்துலேர்ந்து போடறேளா?”

“எல்லாரும்தான் போடறா. பழைய மாலை, கிழிஞ்ச படம். காவிரிக்குத் தீட்டு ஏது?”

“மாலை மக்கிப் போயிடும். பிளாஸ்டிக் மக்குமா? பக்கத்துல ஒருத்தி குடிக்கறதுக்கு மொண்டுண்டிருக்கா.”

“தண்ணி வந்தா அடிச்சுண்டு போயிடும்” என்றார் மாமியார்.

“எங்கம்மா போகும்?”

“கீழ.”

“கீழ தஞ்சாவூர் இருக்கும்மா.”

விசேஷ நாளில் மாமியாருக்குக் காவிரித் தீர்த்தம் வேண்டும். அதைச் செம்பில் கொண்டுவருகிறவரும் இதே மகன்தான். பேரனின் மூத்திரத்தைத் தொட்டால் தீட்டு. அதை ஆற்றில் கொட்டினால் தீட்டில்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மிச்சமிருந்த டயபர்களைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். “நாளையிலேர்ந்து வேட்டித் துணிதான். நான் ஆபீஸ்ல இருக்கும்போது நீங்கோ மாத்தணும், அலசணும். முடியாதுன்னா குழந்தையைத் தூக்கிண்டு ஆபீசுக்குப் போறேன்” என்று கணவரிடம் சொன்னேன்.

“ஆம்பளைப் பிள்ளை பீத்துணி அலசறதாவது!” என்று மாமியார் அழுதார். கணவர், “சரி” என்றார். யாரும் விரும்பாத இரண்டாம் ஷிப்டை மாதம் முழுக்கக் கேட்டு வாங்கினார். நான் காலைப் பணிக்கு மாறினேன். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பும் நேரத்துக்கு நான் பஸ்ஸிலிருந்து இறங்குவேன். நன்றாகவே அலசினார். குழந்தையின் புண்ணும் ஆற ஆரம்பித்தது.

பிறகு மறுபடி சிவந்தது. துணியை மோந்து பார்த்தேன். ஈரவாடை. தேடியபோது, மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறையில் கயிறு கட்டி எல்லாவற்றையும் உலர்த்தியிருந்தார்.

“மாடியில போட்டா நாலு பேர் பார்ப்பா” என்றார்.

பட்டப்பகலில், பஸ்ஸும் லாரியும் போகிற பாலத்தில் நின்று ஆற்றில் மலத்தை வீசியவர். அப்போது எந்த நாலு பேரும் அவர் கண்ணில் படவில்லை. துவைத்த துணியை வெயிலில் காட்டத்தான் வெட்கம்.

வாளியை அவர் கையில் கொடுத்து மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். பக்கத்து மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த மாமி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடா அம்பி, கம்பெனில இந்த டிபார்ட்மெண்டு எப்போ தொறந்தா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த துணியை நீட்டினேன்.

“ஓவர்டைம் மாமி” என்று சொல்லி, உதறிப் போட்டார்.

மாமி வடாம் சீலையைச் சற்று அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். குழந்தையின் தோல் அந்த வாரமே தேறிவிட்டது. நான் வேலையை விடவில்லை. அவருக்கோ தெருவில் பெரிய பேர். “தங்கமான பிள்ளை, பெண்டாட்டிக்கு எவ்வளவு ஒத்தாசை!” என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அதே கல்லில் அதே துணிகளை நான் அலசிய மாதங்களில், கிணற்றடிப் பக்கம் ஒருவரும் எட்டிப்பார்த்ததில்லை.