மர்சலின் அக்கா காவல் காத்த பெட்ரோல்

"ஆட்டோன்னா இவங்களுக்கெல்லாம் மாமியார் ஊட்டு வண்டின்னு நெனப்பு!"

மாடிப்படிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே மர்சலின் அக்கா தினமும் இதைச் சொல்வார். எங்கள் ப்ளாக்கில் பால் பாக்கெட் வராத நாள் உண்டு, இந்த வசவு கேட்காத நாள் கிடையாது.

மந்தைவெளியில் எங்கள் ப்ளாக்கின் கீழ் வீடு அவருடையது. பள்ளிக்கூட ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் வில்லியம் அண்ணன் ஆட்டோ ஓட்டியவர். பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் பங்க்கில் ஒரு வண்டிக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்ற ஆரம்பித்தார்கள். ஆம்புலன்ஸே வருமோ வராதோ என்றாகிவிட்டது. எல்லோரும் கூடிப் பேசினோம். அவரவர் பைக்குக்குக் கிடைப்பதில் கொஞ்சம் வில்லியம் அண்ணன் ஆட்டோவில் ஊற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தவிர அது நகரக் கூடாது. சாவி யாரிடம் என்றதும் எல்லோரும் அக்காவைக் கை காட்டினார்கள். அவர் வாய்க்குப் பயப்படாத ஆள் இங்கே இல்லை.

அக்கா சாவியைக் கழுத்தில் போட்டிருக்கும் மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். நாத்தனார் பெண் நிச்சயதார்த்தத்துக்குப் போக நான் ஒருமுறை வண்டி கேட்டேன்.

"இன்னா, பொண்ணுக்கு நெஞ்சுவலியா?"

"இல்லக்கா, நிச்சயம்."

"அப்ப பஸ்ல போ. நெஞ்சுவலி வந்தா சொல்லு, நானே ஏத்திவுடறேன்."

அதற்குமேல் கேட்பேனா?

மற்றவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அக்கா விடிந்ததும் சாந்தோம் கோயிலுக்குப் பூசை காண நடந்து போய்விடுவார். வில்லியம் அண்ணனுக்கு இல்லை என்று சொல்ல வராது. சாவி இல்லாமல் ஒயரை முறுக்கி வண்டியைக் கிளப்பவும் தெரியும்.

"மாமா, நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிண்டிருக்கேன். ஒரே நடை. அக்காவுக்குத் தெரியவேண்டாம்" என்பாள் இரண்டாம் மாடி வைதேகி.

"அண்ணே, தி.நகர் கடைக்கு ரெண்டு துணி மூட்டை. எம்மாம் பெட்ரோல் ஆவப்போவுது?" என்பார் எதிர் வீட்டு இனாயத் பாய்.

போனது தன் ஒரு நடைதான் என்றே ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அந்தப் பழைய ஆட்டோவில் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும் கிடையாது. "டேங்க் ரொம்பி கீது, பயப்படாதீங்க" என்று அக்கா வேறு எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத்தான் தைரியம் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. விடியற்காலையில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னலுக்கு ஓடுவேன். ஒருநாள் கீழே இறங்கிப்போய்க் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, ராத்திரி அவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் தோள்லயா தூக்கிட்டுப் போவேன்?"

"ரிசர்வ்ல கீதும்மா" என்று சிரித்தார்.

போன செவ்வாய்க்கிழமை, பல் தேய்த்துக்கொண்டிருந்த வில்லியம் அண்ணன் அப்படியே சரிந்தார். வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வண்டி எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அக்கா பதறவே இல்லை. கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி இனாயத் பாயிடம் கொடுத்தார். அண்ணனை மடியில் கிடத்திக்கொண்டு அக்கா பின்னால் உட்கார, நானும் வைதேகியும் நெருக்கிக்கொண்டு ஏறினோம்.

லஸ் முனை தாண்டியதும் ஆட்டோ இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பாய் ரிசர்வுக்குத் திருப்பினார். அதிலும் ஒன்றுமில்லை.

"டேங்க் ரொம்பி கீது பாய், இன்னொரு தபா ஸ்டார்ட் பண்ணு."

பாய் திரும்பவே இல்லை. வைதேகி விசும்ப ஆரம்பித்தாள்.

"இன்னாத்துக்கு இப்ப அழுவற? அவரு உசுரோடதான் கீறாரு!" என்ற அக்கா அவள் முகத்தையும் பாயின் கழுத்தையும் பார்த்தார். புரிந்துவிட்டது. மடியில் கிடந்த கணவரையும் ஒரு பார்வை பார்த்தார். "எறங்கித் தள்ளுங்க" என்றார், அவ்வளவுதான்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளினோம்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று இன்னும் டாக்டர் வாயால் வரவில்லை. வலது கை, கால் வேலை செய்யவில்லை. பேச்சு வரவில்லை. நேற்றுவரை எங்கள் ப்ளாக்கிலிருந்து யாரும் வார்டுக்குள் போகவும் இல்லை. எந்த மூஞ்சியை வெச்சுண்டு போவேன் என்கிறாள் வைதேகி. பாய் தினமும் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய் வாசலில் யாரிடமாவது கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

நேற்று நான் போனேன். யார் யார் வண்டியை எடுத்தார்கள் என்று கேட்பார், என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அக்கா அதைக் கேட்கவே இல்லை.

"இந்த மனுசனைப் பொரட்டிப் படுக்கவெக்க என் ஒருத்தியால ஆவல. முதுகுல புண்ணு வந்துடும்னு நர்சம்மா சொல்லுது. ஆளு இருந்தா அனுப்பும்மா."

அதனால்தான் நம் ப்ளாக்கில் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று போய் அங்கே அழுதுவைக்காதீர்கள். அக்காவுக்கு அதற்கு நேரமில்லை. ஆண்கள் கைகொடுத்து அண்ணனைப் புரட்டிப் படுக்க வையுங்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவைக் குளித்துவர அனுப்புங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். இன்று சாயந்திரமே யாராவது போய்ப் பாருங்கள்.