சார் ஊற்றிய தண்ணீர்

எதிர்வீட்டு சார் என் மீன்களைக் கொன்றதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் கிடையாது.

அப்போது மதுரையில் ஒரு வளவில் குடியிருந்தோம். எதிரும் புதிருமாக ஆறு வீடு, நடுவில் ஒரே குழாய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா என்று ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தவள். அப்படிப்பட்டவள் நாலு கோல்டு ஃபிஷ் வளர்த்தால் எப்படி இருக்கும்? மெஷினுக்குப் பக்கத்திலேயே தொட்டி. நாலு தையலுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்ப்பேன்.

மீன் கடைக்காரர் வாங்கும்போதே சொல்லியிருந்தார். "குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்திறாதீங்கக்கா. குளோரின் இருக்கும், செவுள வேக வச்சிரும். வாளில பிடிச்சு ரெண்டு நாள் தெறந்து வைங்க. அவசரம்னா இந்த மருந்துல சொட்டு விடுங்க."

ரெண்டு நாள் என்றால் நான் மூன்று நாள் வைப்பேன். மோந்து பார்ப்பேன். அதற்குப் பிறகும் மனசு கேட்காமல் ஒரு சொட்டு மருந்து விடுவேன்.

வளவில் இது பெரிய வேடிக்கை. தண்ணீர் வருகிற நாளில் பழைய தண்ணீரைக் கொட்டி, குடத்தைப் புளி போட்டு விளக்கி, புதுத் தண்ணீர் பிடிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பழைய தண்ணீர் கிடக்கிற வீடு சோம்பேறி வீடு. "என்னடி, அந்தத் தண்ணிய ஊறுகா போடப் போறியா?" என்பாள் மூன்றாம் வீட்டுக்காரி.

எழுமலையில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. ரெண்டு நாள் போயாக வேண்டும். எதிர்வீட்டு சார் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறவர். அவரிடம் சாவியைக் கொடுத்து, "காலைல ஒரு சிட்டிகை இரை போட்டாப் போதும் சார். வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது தொட்டி பளபளவென்று இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

சார் குழாயடியில் நின்றார். "அம்புட்டும் போயிருச்சும்மா. நானும் தொட்டியக் கழுவி, நல்ல தண்ணி மாத்திப் பாத்தேன்."

"எந்தத் தண்ணி சார்?"

"நேத்து வந்த புதுத் தண்ணிதான்."

"வாளில வச்சிருந்தேனே?"

"அந்த மூணு நாள் தண்ணியா? கொட்டிட்டேன்."

ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்த வாரம் அது. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் நெடி, காபியிலேயே தெரிந்தது. அதைச் சொன்னேன். சார் சிரித்தார்.

"மனுசன் குடிக்கிற தண்ணி மீனுக்கு ஆகாதா? இருபது வருசமா சயின்ஸ் எடுக்கிறேன், ஏழாப்புப் படிச்சிட்டு நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? நீ இரைய அள்ளிப் போட்டு வளத்த. வயிறு ஊதிச் செத்துருச்சு."

குழாயடியே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரு மாதம் நான்தான் கொன்றேன் என்று நம்பினேன். சோறு வடிக்கும்போதெல்லாம், ஒரு சிட்டிகை போட்டேனா, ரெண்டு போட்டேனா என்றே ஓடும். கடைசியில் மீன் கடைக்குப் போனேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தண்ணி மாத்தி எம்புட்டு நேரத்துல செத்துச்சு?" சார் சம்சாரத்தை விசாரித்தேன். அந்த அக்காவுக்குச் சூது தெரியாது. "ஊத்துன கொஞ்ச நேரத்துலயே மேல வந்து வாயப் பொளந்துச்சுக" என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். தண்ணீர்தான் கொன்றது என்று அந்த ஆள் வாயால், அதே குழாயடியில், அத்தனை பேர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் விடுவதில்லை.

ரெண்டு வருஷம் காத்திருந்தேன்.

வாஸ்துவுக்கு மீன் தொட்டி நல்லது என்று ஊரெல்லாம் பேச்சு வந்த நேரம். சார் வீட்டிலும் நீளமாக ஒரு தொட்டி வந்து இறங்கியது. பையில் மீன்கள், விளக்கு, கலர் கல். வளவு முழுக்கக் கூப்பிட்டார். குழாயில் பிளீச்சிங் நெடி மூக்கைத் துளைத்த காலை அது. அக்கா குடம் குடமாகச் சுமந்தாள். நடுவில் என்னைப் பார்த்து, "ஏன்டி, இத அப்படியே ஊத்தலாமா?" என்றாள்.

சொட்டு மருந்து என் வீட்டு அலமாரியில் இருந்தது. எடுத்துவரப் பத்து எட்டு வைத்தால் போதும்.

"சாருக்குத் தெரியாததாக்கா?" என்றேன்.

சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பையைப் பிரித்து மீன்களை விட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மத்தியானம் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. மெஷினை நிறுத்தாமல் தைத்தேன். ஜாக்கெட்டில் இடக்கை வைக்கிற இடத்தில் வலக்கையை வைத்துத் தைத்துவிட்டு, பிரித்தேன். பாவம் மீன்கள். அவை எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அது மட்டும் உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

மறுநாள் சார் என் வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி, "தண்ணிக்கு நீ என்னமோ செய்வியே, அது என்ன?" என்றார்.

"நாளைக்குத் தண்ணி வரும்ல சார். குழாயடிக்கு வாங்க, சொல்றேன்."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஆண்கள் நிற்காத வரிசையில் வாளியோடு நின்றார். கேட்டார். காதில் விழவில்லை என்றேன். மறுபடி கேட்டார்.

"எதுக்கு சார், மனுசன் குடிக்கிற தண்ணிதானே?"

குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் நகர்த்தவில்லை. "இந்தத் தண்ணிதாம்மா கொன்னுருச்சு" என்றார் சார்.

"எந்த மீன சார்?"

"ரெண்டு வீட்டு மீனையும்தான்."

அதற்குப் பிறகு முறையைச் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றுவிடாமல். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மூன்றாம் வீட்டுக்காரி, "பாவம்டி சாரு" என்றாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.